ரப்பர்க் குல்லாவுக்குள் பூத்த பச்சை

பெட்ரோல் வாசனையோடு அரைத்த மஞ்சளின் வாசனை சேர்ந்து, அதன்மேல் சூடு ஆறாத எஞ்சினில் பட்டுச் சுண்டும் தேங்காய்த் தண்ணீரின் இனிப்பும் ஏறினால் என்ன மணம் வரும் என்று யாராவது கேட்டால், வெள்ளிக்கிழமை மணம் வரும் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றும். சித்தூருக்குத் தெற்கே, குடிபாலா பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டு வாசலில் முருங்கை மரத்தடியில் நின்றிருந்த ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிளின் மணம் அது. இன்றைக்கும் ஏதாவது பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும்போது, பக்கத்து ஆட்டோவின் முகப்பில் காய்ந்த மஞ்சள் தெரிந்தால் போதும், எனக்குப் பாவாடை முளைத்துவிடும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு இயந்திரத்தின் அடிவயிற்றை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நான் பிறந்த பிறகுதான் அவர் கடலைக்காய் மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்தார். வலது முழங்கால் கூடிவிட்டது, வலு மட்டும் திரும்பவில்லை. மூட்டை தூக்கும் வேலை போய், சுற்று வட்டாரத்தில் சாமந்தி போடுகிறவர்களிடம் பூ வாங்கிச் சித்தூர் மார்க்கெட்டில் போடும் வேலை வந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், பிரேக்கை மிதிக்க முடியும், ஆனால் உதைத்துக் கிளப்ப முடியாது. ஆகவே பல வருஷம் யாராவது ஒருவரின் பின்னால், மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு, அந்த ஆளின் முதுகைப் பார்த்தபடியே சித்தூருக்குப் போய் வந்தார். ‘முதுவப் பாத்தே ஆளு யாருன்னு சொல்லிடுவேன்’ என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, யாரோ வைத்திருந்து விற்ற ‘செல்ஃபு’ வண்டி ஒன்று வந்தது. பொத்தானை அமுக்கினால் கிளம்பும் மோட்டார் சைக்கிள் எங்கள் ஊரில் அதுதான் முதல். வந்த அன்று, தெருவே கூடிவிட்டது. நைனா ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில். வலது கட்டைவிரலை மட்டும் நகர்த்தினார். ‘கிர்ர்ர்’ என்று தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம். அதன் வால் பிடித்துக்கொண்டு எஞ்சின் எழுந்தது. தெருவில், கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த அமைதி. பிறகு அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாதான் அதை உடைத்தார்.

“மாமனுக்கு இனிமே காலு கட்டவெரல்ல கீதுடா டோய்!”

தெரு சிரித்தது. நைனாவும் சிரித்தார். அவருடைய விரல் மட்டும் பொத்தானை விட்டு நகராததை நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு அந்த ஆச்சரியம் தீரவே இல்லை. உதைக்காமல் எது சுற்றுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தவரிடம் கேட்டாள். அவர் எஞ்சினுக்குப் பின்னால் பதுங்கியிருந்த, சின்னச் செம்பைப் படுக்கவைத்தது போன்ற ஓர் உருளையைக் காட்டினார். அதற்குள் ஒரு தடித்த ஒயர் போய் முடிந்தது. முடிந்த இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர்க் குல்லா. “இதாம்மா மோட்டாரு. இது சுத்தினாத்தான் மத்ததெல்லாம் சுத்தும்,” என்றார். அவருக்கு அது ஒரு விளக்கம். அம்மாவுக்கு அது சந்நிதி.

ஊரில் எல்லோரும் வண்டியின் முகவிளக்குக்குத்தான் பொட்டு வைப்பார்கள். அம்மா விளக்குக்கு ஒன்று வைத்துவிட்டு, மோட்டாருக்கு இன்னொன்று வைத்தாள். ரப்பர்மேல் குங்குமம் நிற்கவில்லை என்பதால் குல்லாவை மெல்ல விலக்கி, உள்ளே ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டின் தலையில் வைத்தாள். அங்கே ஒரு கை மஞ்சள் தண்ணீர் வார்ப்பாள்; உடைத்த தேங்காயின் தண்ணீரில் ஒரு கை வார்ப்பாள்; அமாவாசை என்றால் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழத்தை அதன்மேல் பிழிவாள். பிறகு, காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று குல்லாவை அழுத்தி மூடிவிடுவாள். கைக்குழந்தைக்குக் காதுமடலின் பின்புறம் துடைப்பாளே, அந்தப் பதம்.

அடுத்த வருஷத்து மழை முடிந்த சமயம் வண்டிக்கு நோவு வந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் அலறியது, விளக்கு எரிந்தது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினால் எப்போதாவது மனமிரங்கிச் சுற்றும். அம்மா வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். மோட்டார் எவ்வளவுக்கு மறுத்ததோ அவ்வளவுக்கு அதற்குத் தேங்காய்த் தண்ணீர் கிடைத்தது. அவ்வளவுக்கு அது மேலும் மறுத்தது.

விடியலில் பூக்கூடைகளைக் கட்டியதும் ஏழுமலை மாமாவைக் கூப்பிட ஆரம்பித்தோம். அவர் தூக்கக் கண்ணோடு வந்து உதைப்பார்.

“இன்னா மாமா, கட்டவெரலுக்கு ஜொரமா? ஊசி போட்டுக்கினு வரலாமா?”

“காலால ஒதைடா, வாயால ஒதைக்காத.”

வெளியே இது விளையாட்டு. ஆனால் நைனா எங்கே போனாலும் எஞ்சினை அணைக்காமல் இருக்கப் பழகியதை நாங்கள் கவனித்தோம். பூவை இறக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். டீ குடிக்கும்போதும் ஒரு கை ஆக்சிலேட்டரில் இருக்கும். திருப்பதிக்குப் பூ கொண்டுபோகும் வழியில், பாகாலாவில் ஒரு பேட்டரிக் கடையில் காட்டினார். “பேட்டரி பாகானே உந்தண்ணா, மோட்டாரு போயிட்ச்சி,” பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, மோட்டாரையே மாற்றவேண்டும் என்று தெலுங்கும் தமிழுமாய்ச் சொல்லிவிட்டார்கள். மாற்றுவது எங்களுக்கு எட்டாத காரியம்.

பிறகு அந்த நாள். திருப்பதிக்குப் பூ எடுத்துப் போனவர், பாகாலா ரயில்வே கேட்டில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிட்டது. ரயில் போயிற்று, கேட் திறந்தது, பின்னால் லாரியும் பஸ்ஸும் கத்தின. நைனா பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். டக். டக். கடைசியில் யாரோ சில பையன்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அன்று மாலை சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: “தள்ளி உட்டவன் இன்னா சொன்னான் தெரியுமா தேவகி? ‘எக்கு தாத்தா’ன்றான்.” ஏறு தாத்தா. நைனாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: “பாகாலா தம்பி கேட்டுக்கினே கீறான். குட்த்துடலாம். ஒதைக்கிற காலு இருக்கிறவனுக்கு அது நல்ல வண்டிதான்.”

அந்தப் பாகாலாக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. மறுநாளிலிருந்து நைனாவுக்கு மறுபடியும் முதுகுகள்.

ஞாயிறு காலையில் அம்மா வண்டியைக் கடைசியாக ஒருமுறை கழுவப் போனாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவளின் முகம் அவளுக்கு. நான் முருங்கையடியில் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். நைனா வாசற்படியில் பூக்கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மா சக்கரம் கழுவினாள், டாங்க் துடைத்தாள், மோட்டாருக்கு வந்தாள். ஈரத்துணியை விரலில் சுற்றி, என்றைக்கும் போலச் சந்து வழியாகத் தடவி விலக்காமல், அன்றைக்குக் குல்லாவை முழுதாகப் பின்னுக்குத் தள்ளினாள்.

உள்ளே ஒரு பச்சை பூத்திருந்தது. மயில் கழுத்திலிருந்து பொடி எடுத்து உப்போடு குழைத்து அப்பியது போல, நீலமும் வெள்ளையும் ஓடிய பச்சை. ஒயரின் வளையத்தையும் போல்ட்டையும் அது சேர்த்து மூடியிருந்தது. நான் அதுவரை அவ்வளவு அழகான எதையும் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஓடிய ஓட்டம் முழுவதும் என் சுண்டுவிரல் நகமளவு இடத்தில் வந்து நின்றுபோயிருந்தது.

“களிம்பு,” என்றாள் அம்மா. தனக்குத்தானே. பித்தளைத் தவலையில் புளிச்சாறு நின்றால் ஏறுமே, அதே களிம்பு. அவளுக்கு அதைத் தெரியாதா? தெரிந்தது. அந்தப் பச்சையின் மடிப்பில் செந்தூளாகக் காய்ந்திருந்த குங்குமமும் தெரிந்தது. அவள் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். நைனா குனிந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் சிவப்பை அவசரமாகத் துடைத்தாள், இன்னொரு தரம் துடைத்தாள், முந்தானையை இடுப்பில் ஆழச் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் கூப்பிட்டாள்.

“இன்னாய்யா, இங்க வந்து பாரேன். களிம்பு ஏறிக்கினு கீது.”

நைனா வந்தார். வலது காலை நீட்டி, மண்ணிலே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நகத்தால் எதையோ நெம்பி எடுத்தார். அம்மாவுக்குத் தெரியாத பக்கம் அது, எனக்குத் தெரிந்தது. ஒரு தேங்காய் நார். அதை விரலால் உருட்டி, தன் நீட்டிய காலுக்கு அடியில் போட்டுவிட்டு, நிமிராமலே சொன்னார்:

“மழத்தண்ணி. அன்னிக்கி ஏரிக்கோடி தண்ணியில எறக்குனேன் பாரு, அதான் உள்ள பூந்துகினு கீது.”

அம்மா ஒரு மூச்சு விட்டாள். “ஆமா. மழத்தண்ணிதான்.”

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கல் குளிர்ந்திருந்தது.

அதன்பிறகு வேலை. நைனா முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். களிம்பில் இறுகிப்போன நட் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். வேலிக்கு வெளியே வந்த ஏழுமலை மாமா எட்டிப் பார்த்தார்: “விக்கிற வண்டிக்கு எதுக்கு மாமா வைத்தியம்? வாங்க வர்றவன் பஸ் ஏறிட்டிருப்பான்.” ஸ்பேனர் வழுக்கி நைனாவின் விரல் முட்டியைப் பெயர்த்தது. அடுத்த தடவை ‘நறுக்’ என்று நட் திரும்பியது.

அம்மா உள்ளே போய்ப் புளியும் உப்பும் கொண்டுவந்தாள். கார்த்திகை விளக்கு துலக்குவதுபோல ஒயரின் வளையத்தைத் தேய்த்தாள். பச்சை கறுத்து, கறுப்பு கரைந்து, அவள் விரல்களுக்கு நடுவில் செம்பு பிறந்தது. இளஞ்சிவப்பு. இப்போதுதான் குளித்து வந்த குழந்தையின் உள்ளங்கால் நிறம். நைனா உப்புத்தாளால் போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருவர் தலையும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. புளி மிச்சமில்லாமல் நல்ல தண்ணீரால் அலசி அலசித் துடைத்து, வெயிலில் காயவிட்டார்கள். காய்கிற நேரம்தான் பெரிய நேரம். ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. நைனா வளையத்தைப் போல்ட்டில் மாட்டி, நட்டை முறுக்கி, சைக்கிளுக்குப் போடும் கிரீஸை மேலே அப்பி, குல்லாவை மூடி, பேட்டரியை இணைத்தார்.

“நீயே அமுத்து,” என்றார் அம்மாவிடம்.

இத்தனை நாள் பூஜை செய்தவள் அந்தப் பொத்தானை ஒருநாளும் தொட்டதில்லை. கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

அமுக்கியதற்கும் சத்தத்துக்கும் இடையில் ஓர் இடம் உண்டு. அதில் நான் பார்த்தது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது: நைனாவின் விரல் முட்டியில் ரத்தம், அம்மாவின் மூடிய இமை, வேலிக்குமேல் மாமாவின் திறந்த வாய்.

கிர்ர்ர்.

அம்மா பின்னால் துள்ளிக் கல்லில் இடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பாகாலாக்காரர் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். “இன்னாண்ணா, செல்ஃபு வேல செய்யலன்னு சொன்னீங்க?” என்றார் குழப்பத்தோடு.

“வா தம்பி வா, வந்து சோறு துன்னு,” என்றார் நைனா. “துன்னுட்டுக் கெளம்பு. வண்டியிலயே பஸ்ஸாண்ட கொண்டாந்து உடுறேன்.”

மாலையில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நைனா போனார். அந்த மனிதர் வழி நெடுக நைனாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்.

இப்போது நான் திருப்பதியில் இருக்கிறேன். அந்தக் கறுப்பு வண்டி பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. சாமந்தியும் மினி வேனில் போகிறது. பாகாலாத் தாத்தாப் பட்டத்துக்கு நைனாவே வந்து சேர்ந்துவிட்டார். போன மாதம் நான் வாங்கிய ஸ்கூட்டரில் உதைக்கிற கட்டையே கிடையாது. பொத்தானைத் தொட்டால் ‘கிர்’ என்றுகூடச் சொல்லாமல் ஓடத் தயாராகிவிடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அங்கே இடம் வைக்கவில்லை.

வண்டியைப் பார்க்க இருவரும் வந்திருந்தார்கள். அம்மா முகவிளக்குக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். தேங்காயை எடுத்துக்கொண்டு தெருவின் எதிர்ச்சாரி வரை நடந்து, ஒரு சொட்டும் இந்தப் பக்கம் தெறிக்காதபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று உடைத்தாள். நைனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தார். அவள் திரும்பி வந்ததும், கொஞ்சம் சத்தமாகவே என்னிடம் சொன்னார்:

“மழையில நிறுத்தாத பாப்பா. மழத்தண்ணி உள்ள பூந்தா களிம்பு ஏறிக்கும்.”

“ஆமா பாப்பா,” என்றாள் அம்மா, முந்தானையால் கையைத் துடைத்தபடி. “மழத்தண்ணிதான் ஆவாது.”