சிங்க்குக்கு அடியில் இரண்டே அழுத்து

கரப்பான் மருந்தின் அந்தக் கார நெடி... சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. பூன் லே தொழிலாளர் டார்மிட்டரியில் என் பக்கத்துக் கட்டில்காரன் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் படுப்பான். எனக்கோ அதில் ஒரு பெருமை. நெடி அடித்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம் என்று நம்பிய காலம் அது.

திடீரென்று கம்பெனியில் முறையை மாற்றினார்கள்.

"இனிமே ஸ்ப்ரே கடைசிலதான். மொதல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓட்டைய அடைங்க, கரப்பான் தின்னுட்டுச் சாகுற ஜெல் வைங்க, ஒட்டு அட்டையில எத்தன மாட்டியிருக்குன்னு எண்ணுங்க" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூச்சியைக் கொல்ல வந்தவன் உட்கார்ந்து பூச்சியை எண்ணுவதா...

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை என் பொறுப்பில் இருந்தது. மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு போவேன். அங்கே சமையல் ஸ்டெல்லா அக்கா. ஆஸ்துமாக்காரர், இன்ஹேலர் எப்போதும் ஏப்ரன் பையில் இருக்கும். முன்பெல்லாம் நான் மருந்து அடிக்கும் நாளில் வெளியே நின்று இருமிக்கொண்டே இருப்பார். இப்போது நான் குழாய் ஓரத்து இடுக்கில் சிலிக்கான் பூசுவதைப் பார்த்து, "இந்த மாசந்தான் தம்பி நல்லா மூச்சு விடுறேன்" என்றார்.

ஓனர் அண்ணன் நேர் எதிர்.

"வாசனையே வரலையே. வேலை செஞ்சியா, சும்மா பாத்துட்டுப் போறியா? இப்படியே போனா ஆபீசுக்குப் போன் போட்டுருவேன் லா."

அந்த மாதம்தான் என் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும்; புகார் போனால் ஊருக்குத்தான். நான் செய்தது ஒரே வேலை. ஒருவர் வாழ்த்துகிறார், ஒருவர் திட்டுகிறார்... யார் சொல்வது சரி? மண்டை குழம்பிப் போனது.

ஒரு நாள் அக்கா பிரேக்குக்குப் போயிருந்த நேரம். வேனில் கிடந்த பழைய ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வந்து, சிங்க்குக்கு அடியில் இரண்டே அழுத்து. வாசனைக்குத்தான், வேறொன்றுமில்லை.

"இப்பத்தான் வேலை செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் ஓனர்.

அடுத்த வாரம் போனால், கரப்பான்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்திருந்தன. ஸ்ப்ரேவுக்கு மிரண்டு சிதறியிருக்கின்றன. ஸ்ப்ரே பட்ட ஜெல்லை ஒரு கரப்பான்கூடத் தொடவில்லை. அதுகூடப் பரவாயில்லை... அடுப்படியில் அக்கா இல்லை. நான் அடித்த அன்று சாயங்காலமே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

அதற்கடுத்த வாரம் இளைத்துப்போய் வந்தார்.

"பக்கத்துக் கடையில எவனோ மருந்து அடிச்சிருக்கான் தம்பி. நீங்கதான் இப்பல்லாம் அடிக்க மாட்டீங்களே."

ஓனர் குனிந்து வாழையிலை அடுக்க ஆரம்பித்தார். நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் போய்விட்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. அன்று வாசனை வரவில்லை என்று சண்டை, இன்று லேசாக வந்தாலே சண்டை. சின்னக் கடைக்காரர்கூட "ஸ்ப்ரே இல்லாமதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.

அக்கா இப்போது பிடோக்கில் ஒரு கடையில் சமைக்கிறார். போன மாதம் அங்கே வேலைக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, புது முதலாளியிடம் சொன்னார்: "இந்தத் தம்பிய நம்பி உள்ள விடலாம்ணே. முறை மாறுனதுலேர்ந்து எனக்காக ஒரு சொட்டு ஸ்ப்ரேகூட அடிச்சதில்ல."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது... அதற்குள் டீயைக் கையில் கொடுத்துவிட்டார். சொல்வது நல்லதா, சொல்லாமல் இருப்பது நல்லதா, இன்னும் தெரியவில்லை.

அக்கா இணையத்தில் இந்தப் பக்கமெல்லாம் வந்து படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.