பெரட்டில் கிடைத்த இருபது பதில்கள்

ஆமாம், கடைசியாகச் சண்டைதான் போட்டேன். அதை மறைத்துவிட்டு மகேந்திரன் சேரைப் பற்றி எழுத எனக்கு வராது.

அவர் இறந்த செய்தி வந்தபோது டயகம பஸ்ஸில் இருந்தேன். கொழும்பில், மாரடைப்பு. கைபேசியில் ஒரு வரி. அடுத்த வரியில் நினைவுக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். “லயத்திலிருந்து எழுந்த முதலீட்டாளர்” என்று அதற்குள் தலைப்பும் வைத்தாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் மகன், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். கணினி படித்தார், நிறுவனம் கட்டினார், விற்றார். பிறகு எங்களைப் போன்றவர்களின் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களில் முதல் போட்டார். என் நிறுவனம் என்பது நானும் ஒரு தோழியும். தேயிலை மலையில் குளவிக்கூட்டைக் கண்ட பெண் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கே வேலை செய்யும் எல்லோருடைய கைபேசியும் அலறும். நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

முதல் சந்திப்பில் எங்கள் திட்ட அறிக்கையை அவர் திறக்கவே இல்லை. “தோத்த கதை ஏதாச்சும் இருக்கா? அத மொதல்ல சொல்லுங்க” என்றார். இரண்டு சொன்னேன். காரிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் எடுத்துத் தந்தார். நோய்கள், நகரங்கள், பஞ்சங்கள் பற்றியவை. பக்க ஓரங்களில் பென்சிலால் ஒரே கேள்வி: யார் அளந்தது?

“விஞ்ஞானம்னா அந்தக் கேள்விதான். மத்ததெல்லாம் சாமான்.”

இப்படிச் சொன்ன மனிதர் செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு தோட்டத்தில் இருபது பெண்களுக்குக் கைபேசி கொடுத்தோம். ஒரு மாதம் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. குளவி இல்லாத மாதம் என்று நினைத்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்க அவரே வந்தார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் வைத்துக் கேட்டார். ஒரு பக்கம் தோட்டத்தை நடத்தும் துரை. மறுபக்கம் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

“நல்லாருக்குங்க சேர்.”

இருபது பேரும் அதையே சொன்னார்கள். எழுதிக்கொண்டார். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அதைத் திரையில் காட்டினார். நானும் பெரட்டில் பக்கத்தில்தான் நின்றேன். துரைக்கு முன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவரும் நானும் லயத்தில் பிறந்தவர்கள். எங்களுக்கா தெரியாது?

பிறகு ராமாயி அக்காவைக் குளவி கொட்டியது. அந்த இருபது பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடந்தார். ஒரு கண்தான் திறந்தது.

“போன் அடிக்கலையா அக்கா?”

“போனா? அது ஆபீஸ் அலுமாரில சொகமா இருக்கு புள்ள. வேல நேரத்துல பேசிக்கிட்டிருப்போம்னு கண்டாக்கையா மொத நாளே வாங்கிப் பூட்டிட்டாரு. கொளவிக்குத்தான் ஆபீஸுக்கு வழி தெரியல.”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள்.

“அப்பறம் ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?”

“தொரய பக்கத்துல வச்சிக்கிட்டுக் கேட்டா வேற என்னாத்த சொல்ல?”

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அவரை அழைத்துக் கத்தினேன். யார் அளந்தது சேர்?

“எங்கம்மாவும் அப்பிடித்தாம்மா சொல்லிருப்பாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் பதில் எனக்குத் தேவையா இருந்துச்சு.”

“அலுமாரியத் தொறக்கச் சொல்லுங்க.”

“தொரகிட்ட மெதுவாத்தான் பேசணும். அவசரப்பட்டா தோட்டமே கைவிட்டுப் போயிரும்.”

“யாராச்சும் செத்தாத்தான் பேசுவீங்களா?”

வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் இல்லை.

இறந்தவரிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன். கூட்டத்தில் அதே இருபது பதில்களைத் திரையில் போடுவார்கள். அதே துரை மாலை போடுவார். அந்தத் துரையிடம் பேசி அலுமாரியைத் திறக்க வைத்திருக்க வேண்டியவர் படத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே வாக்கியம்: அந்தப் பதில் எனக்குத் தேவையா இருந்துச்சு. முதல் போடுகிற வேறு எவரும் என்னிடம் அவ்வளவு உண்மை பேசியதில்லை. எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டிருந்தது.

கூட்டத்துக்குப் போகவில்லை. அன்று தோட்ட ஆபீஸுக்குப் போனேன். கைபேசிகள் எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுத்து இருபதையும் திரும்ப வாங்கினேன். சாயந்தரம் லயம் லயமாகப் போய் அவரவர் கையில் கொடுத்தேன். பெரட்டில் வெளியே எடுக்காதீர்கள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.