வண்டிக்குத் தண்ணீர் கேட்ட வீடுகள்

என் வீட்டுக்காரருக்குத் தாகம் அதிகம். அவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளுக்கு அதைவிட அதிகம். ராசிபுரத்தில் கிளம்பினால் நாமக்கல் போய்ச் சேருவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு கிணற்றையே காலி செய்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இரண்டு தாகமுமே வியாதி என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முந்தைய சங்கதி இது. அவருக்கு நெய் வியாபாரம். புதுச்சத்திரம், சேந்தமங்கலம், நாமக்கல் என்று சந்தை சந்தையாகப் போய், தோட்டத்துப் பெண்கள் கொண்டுவரும் நெய்யை வாங்கி, டின்னில் அடைத்துச் சேலத்துக் கடைகளுக்குப் போடுவார். டின்களை ஏற்றத் தோதாகப் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது.

மற்ற மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். இது தண்ணீரில் ஆறும் ஜாதி. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். முன்னால் தேனடை மாதிரி ஒரு பித்தளை ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு ரப்பர் குழாய், கீழே ஒரு ரப்பர் குழாய். சூடேறிய தண்ணீர் தானாக மேலே போகும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே வரும். தண்ணீர் மேல்குழாய் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும். அப்புறம் உலைதான், ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். இவர் தினமும் வண்டியைத் தேங்காய் எண்ணெய் போட்டு மாப்பிள்ளை மாதிரித் துடைத்து வைப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் உடம்பையும் அப்படித்தான் வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் சந்தைக்குப் போய்விட்டு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். வலது கணுக்காலின் உள்பக்கம் தோல் வெந்து உரிந்து தொங்கியது.

"ஏனுங்க, கால்ல என்னங்க இது? எங்க சுட்டுச்சு?"

குனிந்து பார்த்தார். "அட, ஆமா!" என்றார். அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வண்டிப் பொகைக் கொழாய் பட்டிருக்கும் புள்ள. எனக்கு ஒண்ணுந் தெரியலையே."

வெந்தது தெரியாத கால் என்ன கால்? மறுநாளே சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பிறகு சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிக் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சர்க்கரை வியாதிம்மா," என்றார் என்னைப் பார்த்து. "ஊசி மருந்து இருக்கு. மெட்ராஸ்ல இருந்து வரணும், கெடாம ஐஸ்ல வைக்கணும். உங்க ஊர்ல முடியாது. முதல்ல சாப்பாட்டுல கட்டுவோம். சர்க்கரை இறங்கினா புண் ஆறும். இறங்கலைன்னா கணுக்காலுக்கு மேல காலை வெட்டி எடுக்கறதைத் தவிர வழியில்லை."

திரும்பி வரும்போது மல்லூர் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "வண்டிய ஒதைச்சுக் கெளப்பறது வலது கால்லதான் அம்மிணி." நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன பத்தியம் இதுதான்: அரிசி கூடாது, வெல்லம் கூடாது, கிழங்கு கூடாது, பழம் கூடாது. ராகிக் களி கொஞ்சம், கீரை, பாகற்காய், கொள்ளு ரசம், முட்டை, கோழி, மோர். நெய் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அந்தக் காலத்து வைத்தியம் சொன்னது. இவர் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, "நெய் திங்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று ஊர் முழுக்கச் சொன்னார். வியாதியின் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கால் அழுகுகிற ஆளிடம் எவள் நெய் விற்பாள் என்ற பயம்.

எனக்குக் கண்ணளவில் நம்பிக்கை இல்லை. நெய் நிறுக்கும் தராசை அடுப்படிக்குக் கொண்டுவந்து, களியை நிறுத்தே போட்டேன். "நெய்யக்கூட நான் இத்தனை கறாரா நிறுத்ததில்ல" என்று புலம்புவார். "நிறுத்திருந்தீங்கன்னா இன்னும் நாலு டின்னு தேறியிருக்குமுங்க" என்பேன். பலகாரம் சுடுவதையே வீட்டில் நிறுத்தினேன். தீபாவளிக்குக்கூடக் கச்சாயம் சுடவில்லை. சாயங்காலம் வேப்பிலை போட்ட வெந்நீரால் புண்ணைக் கழுவுவேன். அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. அதனால் என் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

அப்படியும் புண் ஆறவில்லை. பெரிதாகிக்கொண்டே போனது. சேலத்தில் கண்ணாடிக் குழாய் ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறமே காட்டியது. என்னிடம் கண்ணாடிக் குழாய் இல்லை, எறும்பு இருந்தது. அவர் கொல்லையில் ஒதுங்கும் இடத்தை நான் பார்ப்பேன். வீட்டிலேயே இருக்கும் நாட்களில் எறும்பு வராது. சந்தைக்குப் போய்வந்தால் மறுநாள் காலை கல்யாணப் பந்தி மாதிரி வரிசை கட்டியிருக்கும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சந்தையில் காபி கிளப்பில் உட்கார்ந்து அமுக்குகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"கொலசாமி மேல சத்தியமா கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல புள்ள! கட்டிக் குடுத்த களியத்தான் திங்கறேன்," என்று கத்தினார். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லுகிற முகமாகவும் தெரியவில்லை. எறும்புக்கு என்னோடு என்ன பகை?

"நாளைக்குச் சந்தைக்கு நானும் வாரேன்," என்றேன்.

"நெய் டின்னு எங்க வெக்கறது?"

"என்ற மடில வெச்சுக்கறனுங்க."

காலி டின்களுக்கு நடுவே நான் உட்கார்ந்து போனதை ராசிபுரமே வேடிக்கை பார்த்தது. புதுச்சத்திரம் போவதற்குள் வண்டி கொதித்துவிட்டது. ரோட்டோரத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் நிறுத்தினார். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் இரும்பு வெடித்துவிடும். அதனால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கார அம்மாள் கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டாள். வண்டிக்கு ஒரு குடம் தண்ணீர் வந்தது. பின்னாலேயே இவருக்கு ஒரு சொம்பு பானகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் வெயிலில் வந்தவருக்கு வெறுந்தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமில்லாத வீட்டிலும் கருப்பட்டித் துண்டு ஒன்றாவது தண்ணீரோடு வரும். இவர் சொம்பைத் தூக்கி, எனக்கு முன்னாலேயே, கொஞ்சமும் கூசாமல் மடமடவென்று குடித்தார். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு வீடு, வெல்லம் போட்ட காபி. அதற்கடுத்த வீட்டில் கருப்பட்டி.

நான்காவது வீட்டில் என்னால் அடக்க முடியவில்லை. "அவருக்கு வேண்டாமுங்க," என்றேன்.

அந்தம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "ஏனம்மிணி, எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதுங்களா?"

தண்ணீர் ஆகாது என்றால் எங்கள் ஊரில் அது பகை. தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள். அன்றைக்கு நாமக்கல் சந்தையில் அவள் நெய்யும் வராது, அவள் பங்காளி வீட்டு நெய்யும் வராது. "ஆகாம என்னங்க! எனக்குத்தான் நாக்கு வறண்டு கெடக்குது," என்று அந்தச் சொம்பைப் பிடுங்கி நானே குடித்தேன். அதற்கப்புறம் வந்ததையெல்லாம் நானே குடித்தேன். வீடு திரும்பும்போது என் வயிற்றில் ஒரு கரும்பாலையே ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனையும் குடிச்சுப்போட்டு கொலசாமி மேல சத்தியம் வேற பண்ணினீங்களே," என்றேன் வழியில்.

அவர் உண்மையாகவே விழித்தார். "அது தண்ணி தான புள்ள?"

தின்பதுதான் பத்தியம், குடிப்பது கணக்கில்லை என்று நினைத்திருக்கிறார் மனுஷர். டாக்டரும் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சத்தியம் பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. யார் மேல் காட்டுவது?

குடத்தில் தண்ணீர் கொண்டுபோகலாமே என்று முதலில் நினைத்தேன். வண்டி குடித்த குடிக்கு அது பத்தாது. எப்படியும் ஆறும் வரை ரோட்டில் நிற்க வேண்டும். அந்த ரோட்டில் தெரிந்த முகம் வெயிலில் நின்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானே அடங்கும். மனுஷனைக் கட்டிப்போடுவதில் பிரயோசனமில்லை, வண்டியைத்தான் நிற்காமல் ஓட வைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பொருக்கு நறநறவென்று வந்தது. வெந்நீர் அண்டாவில் படியுமே, அதே பொருக்கு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதிக்குமேல் உப்புக் கிணறு. வருஷக்கணக்கில் வீட்டுக்கு வீடு வாங்கி ஊற்றிய உப்புத் தண்ணீர், சல்லடைக் கண் போன்ற குழாய்களையெல்லாம் அடைத்திருந்தது. அண்டாவுக்கு நான் என்ன செய்வேனோ அதையே செய்வதென்று புளியைக் கரைத்தேன்.

"வண்டி என்ன பித்தளைச் சொம்பா, புளி போட்டு வெளக்க?" என்று குறுக்கே வந்து நின்றார்.

"ரேடியேட்டரு பித்தளைதானுங்களே?"

முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றார். வடிகட்டிய புளித்தண்ணீரை ஊற்றி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்படியே ஊறவைத்து, மறுநாள் திறந்துவிட்டோம். சாணி நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே செய்தோம். பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். எனக்கு ஒரே பெருமை. விடிந்து பார்த்தால் வண்டிக்குக் கீழே தரையெல்லாம் ஈரம். அடைத்துக்கொண்டிருந்த பொருக்கு போனதும், அது மூடி வைத்திருந்த பொத்தல்கள் எல்லாம் திறந்துவிட்டன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க என் கையிலிருந்து களியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் வண்டி கிளம்பவில்லை, சந்தையும் போயிற்று. சேலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் பொத்தல்களுக்கு ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். "அம்மா, பாத்திரம் நல்லாத்தான் வெளக்கியிருக்கீங்க," என்று சிரித்தார். வெடித்துப் போயிருந்த ரப்பர் குழாய்களுக்குப் பதில் லாரிக் குழாயை அளவாக வெட்டி மாட்டினோம். ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி அண்டாவில் பிடித்து வைத்தேன். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மேல்குழாய் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து ஊற்றுவது என் வேலையாயிற்று. அவர் களிக்குத் தராசு, வண்டிக்கு இந்த மட்டம். இரண்டையும் வேறு யாரையும் தொட விடவில்லை.

அதற்கப்புறம் மூடியைத் திறக்காமலேயே நாமக்கல் போய் வந்தார். நான்காவது வீட்டு அம்மாள் சந்தையில் பார்த்து, "இப்பெல்லாம் எங்க ஊட்டுப் பக்கம் நிக்கறதே இல்லீங்களே," என்று குறைப்பட்டாளாம். "வண்டிக்குத் தாகம் தீந்துபோச்சுங்க," என்றாராம் இவர். முன்பு குடித்ததையெல்லாம் நினைத்து ஏங்கியிருப்பார், எனக்குத் தெரியாதா?

எறும்பு வருவது நின்றது. இவருடைய தாகமும் குறைந்தது. சேலத்துக் குழாயில் முதலில் மஞ்சள் வந்தது, பிறகு பச்சை. புண் விளிம்பிலிருந்து சுருங்கத் தொடங்கியது. டாக்டர் கத்தியைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனாலும் கால் செத்த கால்தான், உயிர் வருவது சந்தேகம் என்றார். கால் இருந்தால் போதும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் புண்ணைக் கழுவும்போது, கொட்டிலில் மாடு கத்தியது. அந்த அவசரத்தில் முழங்கையை வைத்துப் பார்க்க மறந்து வெந்நீரை ஊற்றிவிட்டேன்.

"ஆ! சுடுது புள்ள! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாயில் இருந்த வெற்றிலை சிதறியது.

இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. சந்தேகம் தீர இன்னும் ஒரு கை வெந்நீரை அள்ளி ஊற்றினேன். மறுபடியும் திட்டினார்.