ஒட்டுமுள்ளு ஜெயம்

ஜெயலெட்சுமி குனிந்து இலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்க்கிறாள். சொரசொரவென்று இருந்தால் தண்டைப் பார்ப்பாள். தண்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் சிந்தியிருந்தால், அடுத்த நொடி செடி வேரோடு கையில் இருக்கும். தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு இறங்கும் மற்றப் பெண்கள் அவளுக்காக நிற்பதில்லை. "அவ ஒட்டுமுள்ளக் கண்டுட்டா. இனி வரமாட்டா, வாங்க நாம போவோம்."

புத்தகங்கள் மருளூமத்தை என்று சொல்லும் செடியைத்தான் அவர்கள் ஒட்டுமுள்ளு என்கிறார்கள். பூனாகலைத் தோட்டத்தில் அவளுக்கும் அதுவே பேராகிவிட்டது. வேலை விட்டு வந்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவள் வாசலில் உதறமாட்டாள். ஒட்டிக்கொண்டு வந்த காய்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து அடுப்பில் போடுவாள். உடம்பெல்லாம் கொக்கி முள், நுனியில் இரண்டு கொம்பு. "வெளிய எறிஞ்சா அது போயி குடும்பம் நடத்தும்" என்பாள். பண்டாரவளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நிம்மதி இல்லை. "அந்தா பாருங்க, முக்கோண இலை, ஓரமெல்லாம் பல்லு. நீங்க மாடு வச்சிருக்கீங்களா?"

இந்தக் கிறுக்கு அவளைப் பிடித்தது அவள் வளர்த்த கன்று செத்த வருஷம். மழைக்குப் பிறகு ஓடையோரம் மேய்ந்து வந்த கன்று, பொழுது சாயுமுன் கால் பின்னி விழுந்தது. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். மிருக வைத்தியர்தான் கன்று மேய்ந்த இடத்தைப் பார்த்து, ஒரு முளையைப் பிடுங்கிக் காட்டினார். வளர்ந்த செடியைவிட இந்தச் சின்ன முளையில்தான் நஞ்சு அதிகம் என்றார். "முள்ளு வந்துட்டா மாடே ஒதுங்கிடும். முள்ளு வாறதுக்கு முந்தித்தான் எமன்" என்று அவள் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

போன மழையில், அடுத்த லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் சிங்கராயர் தம் ஆடுகளை அதே ஓடையோரம் விட்டிருந்தார். ஜெயலெட்சுமி கத்திக்கொண்டே ஓடி, ஒரு குச்சியால் அவற்றை விரட்டினாள்.

"என் ஆட்ட அடிக்க நீ யாரு?" என்று அவர் பாய்ந்து வந்தார்.

"அடிங்க, திட்டுங்க. மொதல்ல இதப் பாருங்கண்ணே."

அவள் ஒரு முளையைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினாள். ஒடுங்கி நீண்ட, தடித்த இரண்டே இலை. பார்த்தால் கீரை மாதிரி. மண்ணோடு எடுத்தாள். அடியில் போன வருஷத்து முள்ளுக்காய், கறுத்துப்போய், அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சிங்கராயர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு திரும்பி ஆடுகளைப் பார்த்தார். ஒரு குட்டி மட்டும் தலையைத் தொங்கப்போட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் துண்டில் குட்டியைச் சுற்றிக்கொள்ள, அவள் நாலு முளைகளை மடியில் முடிந்துகொண்டாள். ஆட்டோவில் பண்டாரவளை போய்ச் சேரும்வரை அவள் குட்டியின் முகத்தைப் பார்க்கவே இல்லை; கன்றின் கண்தான் நினைவில் நின்றது. வைத்தியர் முளையைப் பார்த்ததுமே மருந்தை எடுத்தார். "கொஞ்சந்தான் தின்னிருக்கு போல. அலைய விடாம, சூடா வச்சிருங்க."

மறுநாள் காலை பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற பாதையில் சிங்கராயரின் குரல் மேல் லயம்வரை கேட்டது. "எந்திரிச்சிருச்சு தங்கச்சி! என் இடுப்புச் சாரத்தக் கடிக்குது!"

ஜெயலெட்சுமி பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிங்கராயர் இரண்டு லயத்து ஆட்களையும் ஓடைக்குக் கூட்டி வந்தார். பூக்குமுன், காய்க்குமுன் கரை முழுவதும் பிடுங்கிவிட வேண்டும் என்பது இப்போது அவருடைய கட்டளை. எல்லோரையும்விட வேகமாகப் பிடுங்கியவரும் அவர்தான். கை நிறைய முளைகளை உயர்த்திக் காட்டி, "எப்புடி?" என்றார்.

ஜெயலெட்சுமி அந்தக் கொத்தைக் கிளறிப் பார்த்தாள். உருண்டை இலையோடு ஒன்று தனியே தெரிந்தது.

"இது பூசணிண்ணே."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அதை வாங்கி, அவர் பிடுங்கிய குழியிலேயே வைத்து மண்ணை அணைத்தாள். பிறகு ஓடையில் இரு கைகளாலும் தண்ணீர் அள்ளி, ஒழுகிவிடாமல் மெதுவாக நடந்து வந்து ஊற்றினாள்.