இந்தியப் பிரதிநிதி சுப்பம்மா

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் நீலகிரியில் நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை இருந்தது. மீதி நாட்களில் லைன் வீட்டு வாசல்களில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிக்கும் வேலை நடந்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதைக் குறைத்துவிட்டான் என்றார் ஒருவர். இலங்கைத் தேயிலை வரிச் சலுகையில் உள்ளே வருகிறது என்றார் இன்னொருவர். அப்படிச் சொல்லும்போது எல்லாரும் சுப்பம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஏதோ அவள்தான் அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாதிரி.

சுப்பம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்தவள். கல்யாணமான கையோடு, இரண்டு அரசாங்கங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவள். அவள் வீட்டுக்காரர் வடிவேலுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. தங்கை தெய்வம்மாவுக்கு வாய்த்தவர் இலங்கைக் குடியுரிமைக்காரர். ஒரே பாயில் படுத்துப் போர்வைக்குச் சண்டை போட்டவர்கள் இப்படித்தான் இரண்டு தேசத்தார் ஆனார்கள். பிறகு அங்கே யுத்தம் வந்தது, போக்குவரத்து நின்றது. சந்திப்பெல்லாம் போனில்தான்.

இலங்கையில் சண்டை நிறுத்தம் ஏற்பட்ட வருடம், இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாட்டுத் தேயிலைத் தொழிலாளர்களும் கண்டியில் கூடுவதென்று முடிவாயிற்று. நீலகிரியிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வேண்டும் என்று தொழிற்சங்கத்தில் கேட்டார்கள். சுப்பம்மா சட்டென்று கை தூக்கினாள். அதுவரை சங்கக் கூட்டத்தில் அவள் கை தூக்கியது டீ கேட்பதற்கு மட்டும்தான். இலங்கை சார்பில் தெய்வம்மா வருகிறாள் என்ற சேதியை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

செயலாளர் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம். “ஏனுங்கக்கா, அங்க போயி என்னங்க பேசுவீங்க?”

“நம்ம ஜனங்க படுற பாட்டத்தான் பேசுவேன். எனக்காகவா போறேன்?” என்றாள் சுப்பம்மா. முகத்தில் அப்படியொரு தியாகம்.

கண்டியில் மண்டப வாசலிலேயே இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் தெய்வம்மா, “ரொம்பக் கறுத்துட்ட,” என்றாள். சுப்பம்மா, “நீ மட்டும் என்ன?” என்றாள். அதற்குள் மணியடித்து, ஆளுக்கொரு கொடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

சுப்பம்மாவுக்குத் திடீரென்று தன் கொடியின் பேரில் பொறுப்பு வந்துவிட்டது. “உங்க தேயிலை வந்துதான் எங்களுக்கு வேலை போச்சு,” என்று ஆரம்பித்தாள்.

“எங்க தேயிலையா?” என்றாள் தெய்வம்மா. “கப்பலேறிப் போனவ, அம்மா செத்தப்பக்கூட வரல. இப்ப கணக்குக் கேக்க வந்துட்டியா?”

“எப்படி வர்றது? நடந்தா வர்றது?”

தமிழ் தெரியாதவர்களுக்காக மொழிபெயர்த்த ஜெஸிந்தா டீச்சர் ஒரு கணம் திணறினார். பிறகு, இரு நாட்டு உறவில் நீண்டகாலத் தொய்வு ஏற்பட்டதற்குப் பிரதிநிதிகள் வருந்துகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டத் தலைவர் மரியாதையாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

தெய்வம்மா விடவில்லை. “தினமும் காலையில பேர் கூப்பிடுறப்ப எங்க தொரை சொல்றாரு, இந்தியாவுல பொம்பளைங்க நாளைக்கு முப்பது கிலோ பறிக்கிறாங்களாம், நீங்க ஏன் பறிக்கலைன்னு. உன்னாலதான் எங்களுக்கு இந்தப் பேச்சு.”

சுப்பம்மா கொடியைத் தாண்டித் தங்கையை எட்டிப் பார்த்தாள். “எங்க மேனேஜர், சிலோன்காரிங்கதான் முப்பது கிலோன்னு சொல்றாரு. நான் உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.”

ஜெஸிந்தா இதை அப்படியே மொழிபெயர்த்தார். வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்திருந்த பெண் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் தோட்டத்தில் இரண்டு நாட்டையும் சேர்த்தே சொல்கிறார்களாம். அதன்பிறகு நடந்ததுதான் உண்மையான மாநாடு. யார் எவ்வளவு பறிக்கிறார்கள், கூலி என்ன, மழைக்குப் போர்த்திக்கொள்ளப் படுதா தருகிறார்களா என்று பெண்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். கொடிகள் மேசையில் தனியாக நின்றன.

பெரிய தலைவர்களுக்கு ஓர் அறிக்கை விட்டுக் கலைந்தால் போதும் என்றிருந்தது. மூன்று நாட்டுக்கும் பொதுவாக நிரந்தரக் குழு ஒன்று வைத்து, மாறி மாறி ஒவ்வொரு நாட்டிலும் கூடலாம் என்று யாரோ சொன்னதற்கு ஆதரவே இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். இலங்கையும் இந்தியாவும் தயங்காமல் ஒப்புக்கொண்டதைக் கண்டு வங்கதேசமும் தூக்கியது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். குழு இருந்தால் தங்கையை அடிக்கடி பார்க்கலாம் என்பதுதான் சுப்பம்மாவின் வெளிநாட்டுக் கொள்கை.

ஊர் திரும்பிய வாரத்தில் மேனேஜர் வழக்கம்போல, “சிலோன்ல பாருங்க,” என்று ஆரம்பித்தார்.

“சிலோன்ல பதினெட்டு கிலோதாங்க,” என்றாள் சுப்பம்மா. “என் தங்கச்சிக்குப் போன் போட்டுத் தரவா? நீங்களே கேளுங்க.”

மேனேஜருக்கு அன்று ஃபேக்டரியில் அவசர வேலை வந்துவிட்டது. பிறகு அவர் சிலோன் பேச்சை எடுக்கவில்லை. தேயிலை விலை மட்டும் குழுவையோ சுப்பம்மாவையோ கண்டு ஏறிவிடவில்லை. அது தன் போக்கில் கிடந்தது. ஆனால் படுதா வந்தது. இலங்கையில் தருகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே கேட்டு வாங்கினார்கள். இங்கே வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பால் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே தெய்வம்மா கேட்டு வாங்கினாள். லைன் வாசலில் இலங்கைத் தேயிலையைத் திட்டுகிறவர்களும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இரண்டாவது கூட்டம் குன்னூரில் நடந்தது. தெய்வம்மா அப்படியே அக்கா வீட்டுக்கும் வந்து, நடுவட்டத்துக் குளிரையும் அக்கா போட்ட தேத்தண்ணியையும் குறை சொன்னாள். கூட்டம் முடிந்தும் சுப்பம்மா அவளைப் போகவிடவில்லை.

மூன்றாவது கூட்டம் சில்ஹெட்டில் என்று அறிவிப்பு வந்ததும் நாச்சிமுத்து மெதுவாகப் பேச்செடுத்தார். “ஏனுங்கக்கா, ஒருத்தரே போனா நல்லாருக்குங்களா? இந்தத் தடவை நம்ம தோட்டத்துக் கோகிலவாணி போகட்டுமுங்க.”

“போகட்டும், நான் வேணாங்கல,” என்றாள் சுப்பம்மா. “ஆனா மூணு நாட்டு உறவு இப்பத்தான் துளிர்க்குது. இந்த நேரத்துல ஆளை மாத்துனா மத்த ரெண்டு நாடும் என்ன நினைக்கும்?”

பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் வடிவேல் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். நாச்சிமுத்துவுக்கு மற்ற இரண்டு நாடுகளின் எண்ணம் தெரியாததால், சங்கம் ஒருமனதாக அவளையே தேர்ந்தெடுத்தது. சுப்பம்மா சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள்: இலங்கைப் பிரதிநிதிக்கும் இந்தியப் பிரதிநிதிக்கும் ஒரே அறை போடச் சொல்ல வேண்டும்.