மச்சான் படித்த பக்கம்

‘கீது’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலாளர் ஒரு ஃபைலைக் கேட்டார். “பீரோவுல கீது சார்” என்றேன். மதுரை, கோவை, நெல்லை என்று எங்கெங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் எனக்கு ‘கீது சார்’ என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள், நான் வேடிக்கைப் பொருளாகிவிட்டேன். என்ன கொடுமை இது! அன்று முதல் ஆபீசில் வாயைத் திறந்தால் புத்தகத் தமிழ்தான் பேசினேன். அதுவும் வராதபோது சும்மா இருந்தேன்.

நான் கதை எழுதுவேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், போன வேகத்தில் திரும்பி வரும். சிலது திரும்பியும் வராது. பேச்சே சரியில்லாதவனுக்கு எழுத்து ஒரு கேடா என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். எழுதுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

விஷயம் தெரிந்தவன் ஒருத்தன் உண்டு. செங்கல்பட்டில் என்னோடு பள்ளிக்கூடம் போனவன், அதே ஊரில் என்னோடு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தவன். நான் தமிழும் ஆங்கிலமும் அடிக்கக் கற்றேன். அவன் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொண்டு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்குப் போய்விட்டான். சொந்தம் பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

“மச்சான், எங்க ஓட்டலுக்கு வர்ற வெள்ளக்காரங்கல்லாம் சுத்திப் பாத்தத கம்ப்யூட்டர்ல எழுதிப் போடறானுங்கடா. ப்ளாக்காம். நீயே எழுதி நீயே போட்டுக்கலாம். திருப்பி அனுப்ப ஆளே கெடையாது.”

“எவனாவது படிச்சிட்டு சிரிப்பான்டா.”

“சிரிச்சா இன்னா? உன் மூஞ்சியா தெரியப் போவுது? பேர் கூட போடாத.”

சுலபமாகச் சொல்லிவிட்டான். எனக்கு அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஆனது. அப்போது நான் குடியிருந்த கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. டைப்ரைட்டரில் அடிப்பது போலவே தமிழ் அடிக்க ஒரு ஃபாண்டை அதன் முதலாளி ஏற்றிக் கொடுத்திருந்தார். ரயிலை விட்டு இறங்கி அங்கே போவேன், அடிப்பேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். போனில் மச்சான் காய்ச்சி எடுப்பான். “போட்டியா இல்லியா? இன்னிக்கும் இல்லியா? தூ!” அவன் தொல்லை தாங்காமல்தான் ஒரு நாள் பொத்தானை அழுத்தினேன். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். திரையில் என் தமிழ் பளிச்சென்று அப்படியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

“படிச்சிட்டேன் மச்சான். சோக்கா எழுதிகீற!”

“எந்த இடம் பிடிச்சிது?”

“இந்த இடம் அந்த இடம்னு இன்னா கேள்வி? மொத்தமும்தான். நீ ஒரு தபா உன் வாயால சொல்லு, கேட்டுகினே டீ குடிக்கறேன்.”

சொன்னேன். அதுவே வழக்கமாகிவிட்டது. நான் ஒன்று எழுதிப் போடுவேன். அவன் படித்துவிட்டேன் என்று கூப்பிடுவான், உடனே சொல்லச் சொல்வான். மின்சார ரயிலில் இடத்துக்காக நான் போட்ட சண்டை, பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைச் சட்டையில் போட்டுக்கொண்டது, ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாட்கள் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பான். “அப்பால இன்னா ஆச்சு?” என்று பறப்பான். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது போனிலேயே மூக்கை உறிஞ்சினான். படித்து முடித்தவன் அப்பால என்ன ஆச்சு என்று எதற்குக் கேட்கிறான் என்று என் மரமண்டைக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

வேறு ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பின்னூட்டப் பகுதி துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. “அவ்வளவுதான்டா நம்ம எழுத்து” என்று புலம்பினால் எரிந்து விழுவான்.

“சினிமா பாத்துட்டு வர்றவன்லாம் படம் எடுத்தவனுக்கு லெட்டரா போட்டுகினு கீறான்? நீ எழுதிகினே இரு. வர்றவன் வருவான்.”

அந்தப் பேச்சை நம்பி இரண்டு வருடம் எழுதினேன். அவன் மட்டும் இல்லையென்றால் இரண்டாவது வாரமே மூட்டை கட்டியிருப்பேன்.

ஒரு நாள் காலையில் வேலை முடிந்து பைக்கில் ஈ.சி.ஆரில் வந்துகொண்டிருந்தவன் மேல் ஒரு வேன் மோதியது. எனக்குச் சேதி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிணவறை வாசலில் அவன் அண்ணன் “நம்மள வுட்டுட்டு பூட்டான்டா” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

காரியம் முடிந்ததும் அவன் துணிமணிகளை வாங்கி வரச் சொல்லி அண்ணன் என்னை ஓட்டலுக்கு அனுப்பினார். ரிசப்ஷனில் அவனோடு வேலை பார்த்த அம்மாள் பையை எடுத்துக் கொடுத்தார். அவன் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். உட்கார்ந்தவன், எதிரே இருந்த கணினியில் சும்மா என் பக்கத்தைத் திறந்தேன்.

தமிழே இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, தலையில் கொம்பும் வாலில் கொக்கியும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகப் பக்கம் முழுக்கக் குப்பை.

“இத்தயா சார்?” என்றார் அந்த அம்மாள் எட்டிப் பார்த்து. “டெய்லி இத்ததான் தொறந்து வெச்சிகினு குந்திகினு இருப்பாரு. இன்னா பாஷைன்னு கேட்டேன். தமிழுதான், என் ஃபிரண்டு எழுதறான், நம்ம சிஸ்டத்துல தெரியலன்னாரு. அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னேன். சொன்னா வுட்டுடுவான், அவனுக்கு மனசு பூஞ்சைன்னு சொல்லிட்டாரு.”

எப்படித்தான் மாமல்லபுரத்தில் பஸ் ஏறினேனோ. கூடுவாஞ்சேரி சென்டர்காரர் சாவகாசமாக விளக்கினார். அந்த ஃபாண்ட் இருக்கிற கணினியில் மட்டும்தான் அது தமிழாகத் தெரியுமாம். மற்ற இடங்களில் குப்பைதானாம். “இப்ப எல்லாரும் யூனிகோடுக்கு மாறிட்டாங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது. டைப்ரைட்டிங் படித்த திமிரில் யாரையும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக என் எழுத்தை உலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை. அவனும்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. அடப்பாவி, எதற்குடா பொய் சொன்னாய் என்று நடுத்தெருவில் வாய்விட்டுத் திட்டினேன். செத்தவனோடு சண்டை போட முடியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் அழுகை வந்தது. அவன் ரசித்தது நான் எழுதியதை இல்லை. புத்தகத் தமிழில் இழுத்துக் கட்டி நான் எழுதியதை அவன் பார்த்ததே கிடையாது. போனில் இன்னா, கீது, அப்பால என்று நான் வாய்க்கு வந்தபடி சொன்னதைத்தான் சிரித்தும் அழுதும் கேட்டிருக்கிறான். ஆபீசில் எந்தப் பேச்சுக்காக வாயை மூடினேனோ அந்தப் பேச்சு.

யூனிகோடில் அடிக்கத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். பழைய கதைகளை எடுத்துப் போட மனம் வரவில்லை. அவனைப் பற்றி ஒன்று எழுதினேன். அவன் பேசினதை அவன் பேசின மாதிரியே வைத்தேன், ஒரு எழுத்தைத் திருத்தவில்லை. கடற்கரையில் சுண்டல் தின்றதோடு நிறுத்திவிட்டேன். விபத்தை எழுதக் கை வரவில்லை. இந்த முறையும் போடும்போது பயமாகத்தான் இருந்தது. போட்டுவிட்டு, போன் வரும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பைத்தியக்காரன்.

இரண்டு நாள் கழித்து சென்டரில் போய்ப் பார்த்தபோது பின்னூட்டம் வந்திருந்தது. என் வாழ்க்கையில் முதல் பின்னூட்டம். தூரதேசத்தில் இருக்கிற யாரோ ஒரு பெண். ஊர் பெயர் சொல்லவில்லை.

‘சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுங்க. உங்க மச்சான் இதப் படிச்சாரா? என்ன சொன்னாரு?’

சந்தோஷப்பட வேண்டிய நேரம். முடியவில்லை. ‘நண்பர் காலமாகிவிட்டார்’ என்று அடித்தேன். யாரையோ சொல்வது போல் இருந்தது. அழித்தேன். ‘இறந்துவிட்டான்’ என்று அடித்து அதையும் அழித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று கண்ணைத் துடைக்காமல் அடித்தேன்.

‘படிக்கலம்மா. பூட்டான்.’