காதல் பக்கம் ஓடுங்க!

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகல். திருவொற்றியூரில் இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். புதிதாகப் போட்ட குளிரூட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வியட்நாமிலிருந்து ஒரு பெண் இன்ஜினீயர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என் தோள் உயரம்தான்.

வந்த ஆறே மாதத்தில் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டார். சொல்லிக் கொடுத்தவர்கள் இறால் உரிக்கும் காசிமேட்டுப் பெண்கள். அதனால் "இன்னா கீது?", "குந்து" என்றுதான் வரும். அதையும் பாட்டுப் பாடுவதுபோல இழுத்து, ஏற்றி இறக்கிச் சொல்வார். 'ட' மட்டும் வாய்க்குள் நுழையவே நுழையாது, 'த' ஆகிவிடும்.

அந்த மெஷின்களில் ஓடுவது அமோனியா. கசிந்தால் மூச்சை அடைத்துவிடும். அதற்காகத் திங்கட்கிழமை காலைகளில் எல்லோரையும் இறால் உரிக்கும் ஹாலில் நிற்கவைத்து ஒரு பாடம் எடுப்பார். மதியத்துக்கு மேல் கடல் காற்று அடித்தால் வாயு ரோட்டுப் பக்க கேட்டை நோக்கித்தான் போகும், ஆகவே பின்கதவு வழியாகக் கடல் பக்கம் ஓட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். அவர் வாயில் அது, "கேத்து வேணாம்! காதல் பக்கம் போ!" என்று வரும். ஹாலே சிரிப்பில் அதிரும். கேன்டீனில் அவரைப் போலவே பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான்.

இத்தனைக்கும், என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயந்து, ஹெட் ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

அன்று சாப்பாடு முடிந்து வேலை தொடங்கியிருந்தது. ஹாலுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் கம்ப்ரஸர் அறையிலிருந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். கண்கள் எரிந்தன. சைரன் அலறியது. ஹாலில் இருந்த அறுபது பெண்களும், தினமும் வந்து போகிற பழக்கத்தில், கேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். வெள்ளைப் புகையாக வாயு போய்க்கொண்டிருந்ததும் அதே பக்கம்தான். எனக்கு அது தெரியும். கத்தித் தடுக்க வேண்டியவனும் நான்தான். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

அந்த இன்ஜினீயர் இறால் உரிக்கும் மேஜைமேல் தாவி ஏறினார்.

"கேத்து வேணாம்! காதல் பக்கம்! காதல் பக்கம் போ!"

அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு அக்கா சட்டென்று நின்று திரும்பினார். "அடியே, காதல் பக்கம் ஓடுங்கடி! மேடம் சொல்லிக்கினு கீறாங்கல்ல!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. முந்தானையை நனைத்து மூக்கில் அழுத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார்கள். நானும் அந்தக் குரல் போகச் சொன்ன பக்கம்தான் ஓடினேன்.

கடற்கரை மணலில் தலை எண்ணினோம். ஒருவர்கூடக் குறையவில்லை. அதை உறுதி செய்த பிறகு அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனார். வால்வை மூடிவிட்டுத் திரும்பி வரும்வரை எல்லோரும் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தவரின் முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. பெண்கள் ஓடிப்போய் அவர் முகத்தைக் கழுவிவிட்டார்கள். இருமல் நிற்காத இரண்டு பேர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் மறுநாள் வீடு திரும்பினார்கள்.

சாயங்காலம் அவரிடம் போய், கேன்டீனில் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காதல் என்றால் என்ன அர்த்தம் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்பா," என்று சிரித்தார். "அக்காங்க அப்பவே சொன்னாங்க. இன்னா செய்ய? வாய்க்கு வர்ல. அதுக்காவ சும்மா குந்திக்கினு இருக்கவா?"

அவர் வியட்நாமுக்குத் திரும்பிப் போய்விட்டார். சரியாகப் பேசத் தெரிந்த நான் வாயடைத்து நின்ற இடத்தில், தப்பாகப் பேசுவதற்குக் கூச்சப்படாத ஒரு குரல் அறுபது பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பி வைத்ததை நினைத்தால், இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.